லைட் அடித்தால் 'நீ வா' என்றா, 'நில்லு' என்றா?

குன்னூர் ராஜி:
போன வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது தீர்த்து வையுங்கள். என் அத்தை மகன் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறார். லைசென்ஸ் எடுத்ததே அங்கேதான். லீவுக்கு வந்தவர் கோவையில் கார் எடுத்து எங்களையும் ஏற்றிக்கொண்டு மலைமேலே குன்னூருக்கு வந்தார். பர்லியார் தாண்டி ஓரிடத்தில் மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்து வைத்திருந்தார்கள். எதிரே மேலேயிருந்து கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று வந்தது. டிரைவர் இரண்டு தடவை லைட் அடித்தார். அத்தான் நன்றிக்குக் கையைத் தூக்கிவிட்டு உள்ளே போனார். பிக்கப்பும் நிற்காமல் வந்தது. இரண்டு வண்டியும் முழம் இடைவெளியில் மூக்கோடு மூக்காக நின்றன.

"லைட்டு அடிச்சேன்ல, கண்ணு தெரியலையா?" என்று அவர். "லைட் அடிச்சீங்கன்னுதானே வந்தேன்!" என்று இவர்.

அன்றையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் "நம்ம ஆட்களுக்கு ஒழுங்கு ரத்தத்திலேயே இல்லை" என்ற பேச்சுதான். எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. வெளிநாட்டில் ஓட்டுகிறவர்கள், இந்த மலையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம்?

மலைப் பஸ் (ஓய்வு):
ராஜி அம்மா, நம்ம பக்கம் லைட் அடித்தால் "நான் வர்றேன், நீ நில்லு" என்றுதான் அர்த்தம். பிக்கப்காரர் அதைத்தான் சொன்னார். ஆனால் அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அவர் இறங்குகிறவர், நீங்கள் ஏறுகிறவர்கள். மலையில் வழி போதாத இடத்தில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது எங்கள் பழக்கம் மட்டுமில்லை, 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது. பழைய 1989 விதியிலும் இருந்தது.

காரணம் லேசானது. லோடோடு ஏறுகிற வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகும், வண்டி பின்னால் உருளும். பின்னால் என்ன இருக்கிறது என்பது டிரைவருக்குப் பாதிதான் தெரியும். இறங்குகிறவனுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பிரேக்கை விட்டால் போதும், வண்டி தானாகப் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பர்லியார் - குன்னூர் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் எப்படித் திரும்புகிறது என்று வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் நின்று பார்க்கணும். முன் பக்கம் வெளி ஓரத்துச் சுவர் வரைக்கும் போய்த்தான் ஸ்டியரிங் ஒடிக்க முடியும். டிரைவர் சீட் ஏறக்குறைய பள்ளத்துக்கு மேலே தொங்கும். அதே நேரத்தில் பின்சக்கரம் உள் ஓரத்தை உரசிக்கொண்டு வரும். அந்த அரை நிமிஷம் ரோட்டின் முழு அகலமும் பஸ்ஸுக்கு வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே நிற்க வேண்டிய கார், "இடம் இருக்கே" என்று உள் பக்கத்தில் மூக்கை நுழைத்துவிடும். அவ்வளவுதான். கண்டக்டர் இறங்கி விசில் ஊத, அறுபது பேர் ஏற்றிய பஸ்ஸை ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கணும். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி ஹாரன் அடிப்பார்.

கோத்தகிரி டு கோதென்பர்க்:
ராஜி, உங்கள் அத்தானுக்கு ஒரு சேதி. பிரிட்டிஷ் ஹைவே கோட் 110-வது விதி, நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும்தான் லைட் அடிக்கலாம், வேறு எந்தச் சேதியும் சொல்லக் கூடாது என்கிறது. 155-வது விதி, ஏறி வரும் வண்டிக்கு முடிந்தபோதெல்லாம் வழி விடு என்கிறது. அதாவது புத்தகத்தைத் திறந்தால் லீட்ஸும் பர்லியாரும் ஒன்றுதான்! "நீங்க வாங்க" என்று லைட் அடிப்பது அங்கே ஜனங்கள் தாங்களாகப் பழகிக்கொண்டது. "நில்லு" என்று அடிப்பது இங்கே நாம் பழகிக்கொண்டது. இரண்டுமே புத்தகத்தில் இல்லை.

லீட்ஸ் அத்தான்:
ராஜி லிங்க் அனுப்பினாள், வந்துவிட்டேன். 110 எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. அங்கேயும் விதியை மீறிப் பழகியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீறுகிறவன் அங்கே வழி விடுகிற பக்கமாக மீறுகிறான், இங்கே வழி பிடுங்குகிற பக்கமாக மீறுகிறான். இதற்கு என்ன பதில்?

கூடலூரான்:
சரியான கேள்வி. பதில் சொல்லாமல் யாரும் நழுவக் கூடாது.

கோத்தகிரி டு கோதென்பர்க்:
நழுவவில்லை. நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

வழி விட்டால் தனக்கும் வழி கிடைக்கும் என்று ஒருவனுக்கு நம்பிக்கை இருந்தால் அவன் விடுவான். பத்துப் பேருக்கு விட்டும் பதினோராவது ஆளும் நுழைகிறான் என்றால் எந்த ஊர்க்காரனும் விட மாட்டான். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. போதனையிலிருந்து வந்ததாக நான் எங்கேயும் பார்க்கவில்லை.

நான் இருக்கிற சுவீடனையே எடுங்கள். 1997-ல் அவர்கள் நாடாளுமன்றம் 'பூஜ்ய இலக்கு' என்ற கொள்கையை ஏற்றது. சாலையில் ஒரு சாவுகூட ஏற்கத்தக்கது அல்ல என்பது அதன் சாரம். கேட்கும்போது மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. மனிதன் தப்பு செய்தே தீருவான், அந்தத் தப்புக்கு உயிர் போகாதபடி சாலையைப் போடுவது சாலை போடுகிறவன் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். விபத்து நடந்தால் "டிரைவர் கவனக் குறைவு" என்று ஃபைலை மூட முடியாது. அதன் பிறகு வந்ததுதான் மூன்று தடச் சாலைகள். நடுத்தடம் சில கிலோமீட்டருக்கு இந்தப் பக்கத்துக்கு, அடுத்த சில கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்துக்கு. எதிரெதிர் தடங்களுக்கு நடுவே எஃகுக் கம்பி வடம். ஓவர்டேக் பண்ண ஆசையா, கொஞ்ச தூரத்தில் உன் முறை வரும், பொறு. எதிர்த்தடத்துக்குள் போக நினைத்தாலும் முடியாது. நேருக்கு நேர் மோதிச் சாவது அந்தச் சாலைகளில் பெரும்பாலும் ஒழிந்தது. இந்த ஊர்க்காரர்கள் பொறுமைசாலிகள் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். கம்பி போடாத காலத்தில் இவர்களும் முட்டிக்கொண்டுதான் செத்தார்கள்.

1967 செப்டம்பர் 3-ம் தேதி ஒரே நாள் விடிகாலையில் நாடு முழுக்க இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்கு மாறினார்கள். பன்னிரண்டு வருஷம் முன்னால், 1955-ல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்! ஆனாலும் மாறியது. மக்கள் பழக்கம் கல்வெட்டு இல்லை.

தேயிலைத் தம்பி:
அக்கா, சுவீடனில் மொத்தம் ஒரு கோடிப் பேர். இங்கே சனி ஞாயிறு வந்தால் கேரளா, கர்நாடகா, சமவெளி எல்லாம் சேர்ந்து ஊட்டியில்தான் நிற்கிறது. 2025-ல் ஐகோர்ட்டு நீலகிரிக்கு ஒரு நாளைக்கு, வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தது. வரம்பே அவ்வளவு! கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கம்பி வடம் கட்ட இந்த மலையில் இடம் எங்கே? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

கோபே குமார்:
தம்பி, ஜனத்தொகைதான் காரணம் என்றால் ஜப்பானைப் பாருங்கள். பன்னிரண்டு கோடிக்கு மேல் ஜனம், நாட்டில் பெரும்பகுதி மலை. 1970-ல் ஒரே வருஷத்தில் 16,765 பேர் சாலையில் செத்தார்கள். 'போக்குவரத்துப் போர்' என்றே பத்திரிகைகள் எழுதின. 2023-ல் 2,678. அதே ஜப்பானியர்கள், அதே மலை. வண்டிகள் மட்டும் பல மடங்கு கூடிவிட்டன.

ரொம்பப் பிடித்த இரண்டு விஷயம் சொல்கிறேன். குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டியவனுக்கு மட்டும் தண்டனை இல்லை. அவன் குடித்திருக்கிறான் என்று தெரிந்தே ஏறி உட்கார்ந்தவனுக்கு, சாவி கொடுத்தவனுக்கு, ஊற்றிக் கொடுத்தவனுக்கு எல்லோருக்கும் உண்டு. 2007-லிருந்து இப்படி. அதனால் சாராயக் கடைக்காரரே "காரில் வந்தீர்களா?" என்று கேட்கிறார். "மச்சான், நான் ஸ்டெடிதான்" என்பவனை அடக்குவது போலீஸ் இல்லை, கூட வந்தவன்.

இன்னொன்று, லைசென்ஸ் எடுத்த முதல் ஒரு வருஷம் பச்சையும் மஞ்சளுமாக இலை மாதிரி ஒரு அடையாளத்தை வண்டியில் ஒட்ட வேண்டும். அந்த வண்டிக்கு முன் நெருக்கி நுழைந்தால் நுழைந்தவனுக்கு அபராதம். மலைக்கு முதல் தடவை ஓட்டி வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று கொடுத்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

கூடலூரான்:
குமார் அண்ணா, ஸ்டிக்கர் ஒட்டினால் நம் ஆள் "புதுசா? ஒதுங்கு!" என்று இன்னும் ரெண்டு ஹாரன் சேர்த்து அடிப்பான்.

கோபே குமார்:
ஹா ஹா. அதுவும் நடக்கும்.

பெருமாள்மலை டாக்சி:
நான் கொடைக்கானல். ஹாரன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வெளிநாடு போய் வந்த விருந்தாளிகள் ஏறினதும் "ப்ளீஸ், ஹாரன் வேண்டாம், அங்கே எல்லாம் யாரும் அடிக்க மாட்டார்கள்" என்பார்கள். டவுனில் சரி. ஆஸ்பத்திரி வாசலிலும் ஏரியைச் சுற்றியும் அடிக்கிறவனைக் கண்டால் எனக்கே கோபம் வரும். ஆனால் பழனி ரோட்டில், பனி இறங்கி பத்தடி தெரியாத வளைவில் ஹாரன் அடிக்காமல் போகச் சொன்னால் நான் போக மாட்டேன்.

ஒரு சுவிஸ் தம்பதியர் வந்திருந்தார்கள். அவர்கள் ஊர் மலையில் மஞ்சள் நிறத் தபால் பஸ் ஓடுமாம். கண் தெரியாத வளைவு வந்தால் மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் ஊதுமாம். மலைத் தபால் சாலை என்று நீலப் பலகை போட்ட வழியில் அந்தப் பஸ் டிரைவர் "பின்னால் போ" என்று கை காட்டினால் எந்தக் காரும் போய்த்தான் ஆக வேண்டுமாம், சட்டமே அப்படி. மலைப் பஸ் ஐயா, உங்களுக்கு அங்கே வேலை பார்த்திருக்கலாம்!

கோபே குமார்:
ஜப்பான் மலைப்பாதையிலும் கண் தெரியாத வளைவில் "ஹாரன் அடி" என்றே பலகை உண்டு. பலகை இல்லாத இடத்தில் சும்மா அடித்தால்தான் குற்றம்.

மலைப் பஸ் (ஓய்வு):
மூன்று சுரம் ஊதி வளைவு எடுக்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் டிப்போவில் ஹாரன் வேலை செய்தாலே பெரிய விஷயம்.

பெருமாள்மலை டாக்சி:
விஷயத்துக்கு வருகிறேன். வத்தலக்குண்டு ரோட்டில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து டம் டம் பாறை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கிப் பாருங்கள். கருகல் வாடை வரும். ரப்பரும் இரும்பும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு நெடி. எதிரில் ஏறி வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும், யாரோ நியூட்ரலில் அல்லது டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார்கள். மிதிக்க மிதிக்க லைனிங் சூடாகிப் பிடிப்பு போகும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அடியில் போய் உட்காரும். அதற்கப்புறம் டிரைவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இல்லை. புகை வந்ததும் சிலர் தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றுவார்கள். அதைச் செய்யாதீர்கள், சூடான டிஸ்க்கு கோணிப் போகும். ஓரமாக நிறுத்தி டீ குடியுங்கள், தானாக ஆறும்.

இது அவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்பதால் இல்லை. சமவெளியில் பத்து வருஷம் ஓட்டியவருக்கு என்ஜின் பிடித்து இறங்குவது, அதாவது சின்ன கியரில் என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும்படி இறங்குவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டினார், வாங்கினார். ஆட்டோமேட்டிக் கார் வந்ததிலிருந்து இன்னும் மோசம். பலருக்கு அதில் 'எல்' என்று ஒரு சின்ன கியர் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது.

மலைப் பஸ் (ஓய்வு):
இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்கணும். ஏறின கியரிலேயே இறங்கு. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சொன்ன ஒரே பாடம் அது.

தேயிலைத் தம்பி:
இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருக்கிறார்களே, யார் பார்க்கிறார்கள்? 2023 செப்டம்பர் கடைசியில் குன்னூர் மரப்பாலம் பக்கம் சுற்றுலாப் பஸ் உருண்டு ஒன்பது பேர் போனார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, வெளியூர் வண்டி இறங்கக் கூடாது என்று சொல்லியும் மேப் காட்டுகிறது என்று வந்து நிற்கிறார்கள். அபராதம் ஒன்றுதான் வழி. துபாயில் பாருங்கள்.

ஷார்ஜா ரிட்டர்ன்:
துபாய் பக்கம் இருந்தவன் சொல்கிறேன். அங்கே 24 கறுப்புப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போச்சு. கேமராவுக்கு சொந்தக்காரன், கட்சிக்காரன் எல்லாம் கிடையாது. அங்கே முன்வண்டிக்கு இடைவெளி விட்டுத் தங்கமாக ஓட்டின நம்மூர்ப் பையன், கோவை ஏர்போர்ட்டில் இறங்கி மறுநாளே ஹெல்மெட் இல்லாமல் மேட்டுப்பாளையம் சந்தைக்குப் போகிறான். கேட்டால் "இங்கே யார் மாமா கேட்கப் போறாங்க" என்கிறான். லீட்ஸ் மாப்பிள்ளை, உங்கள் ரத்தக் கதைக்கு இவன்தான் பதில். ஆள் ஒன்றுதான், இடம்தான் வேறு.

அபராதம் எவ்வளவு என்பதைவிட மாட்டுவோமா மாட்டோமா என்பதுதான் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். ஆயிரம் ரூபாய் எல்லோருக்கும் ஒரே ஆயிரமா? பின்லாந்தில் வேகத்துக்கான பெரிய அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. பெரிய கம்பெனி அதிகாரி ஒருவருக்கு 2002-ல் லட்சம் யூரோவுக்கு மேல் போட்டார்கள்.

கூடலூரான்:
அரபு நாடு, ஜப்பான், சுவீடன் எல்லாம் பணக்கார நாடு. எங்கள் குடும்பம் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. நுவரெலியாவில் இன்னும் சொந்தங்கள் இருக்கிறார்கள், போய் வருவோம். அங்கே நான் முதலில் அசந்து போனது மஞ்சள் கடவையில், அதாவது நடந்து ரோட்டைக் கடக்கும் கோட்டில். காலை வைத்தால் பஸ்ஸே நிற்கிறது! ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த கிழவியும் ஹெல்மெட் போட்டிருக்கிறார், வாரைக் கட்டியிருக்கிறார். நம்ம ஊரில் பின்சீட்டு ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல்தான் பயணம் செய்யும். இலங்கைக்குப் பணமும் இல்லை, கேமராவும் இல்லை. ஆனாலும் இந்த இரண்டில் நம்மைவிட மேல்.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. 2025 மே மாதம் கொத்மலை மலைப்பாதையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடவையில் ஒழுங்கு, பஸ்ஸில் ஒழுங்கில்லை. ஒரு நாட்டுக்கே ஒட்டுமொத்தமாக ஒரு கலாச்சாரம் என்று மார்க் போட முடியாது போல.

லீட்ஸ் அத்தான்:
கூடலூரான் சொல்வது யோசிக்க வைக்கிறது. ஆனால் எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள். 2022-ல் இந்தியாவில் சாலைச் சாவு 1,68,491. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம், 17,884.

கேத்தி டீச்சர்:
அந்த எண்ணிக்கையோடு இன்னொரு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதும் சாலைப் பாதுகாப்புதான். ஜெர்மனியில் லைசென்ஸ் வாங்க முதலுதவி வகுப்பு கட்டாயம். விபத்தைப் பார்த்தும் உதவாமல் போனால் குற்றம். நெரிசலில் வண்டிகள் நின்றாலே நடுவில் ஆம்புலன்ஸுக்குச் சந்து விட்டுத்தான் நிற்கிறார்கள்.

நம்மிடம் உதவ மனசு இல்லாமல் இல்லை. போலீஸ், கோர்ட்டு என்று இழுப்பார்கள் என்ற பயம்தான் இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவரைப் பெயர் சொல்லக்கூட வற்புறுத்தக் கூடாது என்ற வழிமுறைகளுக்குச் சட்டத்தின் வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது, அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் ஆனாலும். ஊட்டிக்கு வரும் மலையாளிக்கோ கன்னடக்காரருக்கோ இது தெரியுமா? என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஹெல்மெட். எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்லும் காரணம், "கம்பளித் தொப்பி மேல ஹெல்மெட் ஏற மாட்டேங்குது." ஒரு அளவு பெரிதாக வாங்கினால் தீர்ந்தது என்றால், "அப்போ வெயில் காலத்துல லூசாகும்" என்கிறார்கள். இவர்களோடு எந்த நாட்டுச் சட்டமும் ஜெயிக்காது.

மலைப் பஸ் (ஓய்வு):
டீச்சரம்மா, மஞ்சூர் லைனில் அப்படி நூறு பேர் இருக்கிறார்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்த மலையில் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பஸ்ஸும் தேயிலை லாரியும் வளைவில் சந்தித்தால் பேச்சே கிடையாது. அவன் லைட்டை டிம் பண்ணுவான், நான் ஏறுவேன், கையைக் காட்டுவோம், போவோம். காட்டெருமை ரோட்டில் நின்றால் எதிரில் வருகிறவனுக்குக் கையைக் கீழே ஆட்டிச் சொல்வோம். யாரும் சட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை, தினமும் அதே முகத்தைப் பார்க்கணுமே. சீசனில்தான் அது உடைகிறது. வருகிறவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது, திரும்ப எங்களைப் பார்க்கப் போவதும் இல்லை. போலீஸ் சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அது நல்ல வேலை. எதிரே வண்டியே வராவிட்டால் யாருக்கு யார் வழி விடுவது என்ற சண்டையே இல்லை.

கோத்தகிரி டு கோதென்பர்க்:
ஐயா, உங்களை அறியாமலேயே சுவீடன்காரர் மாதிரிப் பேசிவிட்டீர்கள். அந்த ஒருவழிதான் நம் கம்பி வடம். எங்கள் கோத்தகிரி ரோட்டில் மே மாதம் முழுக்க ஊர்க்காரர்கள் நெரிசலில் திணறுவது தனிக்கதை.

குன்னூர் ராஜி:
எனக்கு ஒரு யோசனை வருகிறது. 2024 மே முதல் வெளியூர் வண்டி எல்லாம் இ-பாஸ் எடுத்துத்தான் வருகிறது. வருகிற ஒவ்வொரு டிரைவரின் கைபேசியும் கிளம்புவதற்கு முன்பே நம் கைக்கு எட்டுகிறது. வண்டி எண், வரும் தேதி எல்லாம் கேட்கிறார்கள். அதோடு நான்கு வரி படித்து 'தெரியும்' என்று அழுத்தினால்தான் பாஸ் என்று வைத்தால் என்ன? கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். அதுவரை எங்கள் தெரு ஹோம்ஸ்டேக்களில் அரைத்தாள் நோட்டீஸாக ஒட்டுகிறேன்.

லீட்ஸ் அத்தான்:
எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். முதல் வரி: ஏறும் வண்டிக்கு வழி விடு. லைட் அடிப்பதை நம்பாதே, கண்ணைப் பார், கையைப் பார்.

மலைப் பஸ் (ஓய்வு):
ரெண்டாவது, ஏறின கியரில் இறங்கு. அப்புறம் கொண்டை ஊசியில் பஸ், லாரி வந்தால் வளைவுக்கு வெளியே நில், உள்ளே நுழையாதே. அவ்வளவு போதும், நீட்டினால் படிக்க மாட்டார்கள்.

பெருமாள்மலை டாக்சி:
ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்: இறக்கத்தில் 'டி'யில் விடாதே, 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்று. வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள், அதில் என்ஜின் பிடிப்பு ரொம்பக் குறைவு, மெதுவாகத்தான் இறங்கணும். கொடைக்கானலுக்கும் ஒரு பிரதி அனுப்பினால் நான் டாக்சி ஸ்டாண்டில் ஒட்டிவிடுவேன்.

கூடலூரான்:
தமிழில் மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது. கூடலூர் வழியாக வருவது பாதி கேரளா வண்டி, மீதி கர்நாடகா. மலையாளம் என் மனைவி எழுதித் தருவார். கன்னடத்துக்கு மசினகுடிப் பக்கம் இங்கே யாராவது இருக்கிறீர்களா?